என் முறைத் தண்ணீர்

ஏப்ரல் 14, ஞாயிறு

இந்த டைரி உரக்கடையில் இனாமாகக் கொடுத்தது. உரம் வாங்கி நாளாகிவிட்டது, டைரியை மட்டும் வருடம் தவறாமல் வாங்கிக்கொள்கிறேன். கடைக்காரருக்கு என்னைக் கண்டால் கூச்சம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஜனவரியிலிருந்து பக்கங்கள் காலி. இன்று சித்திரை ஒன்று, எழுதும்படி ஒரு காரியமும் நடந்தது. ஊரே மாரியம்மன் கோயிலில் கூடிக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தது. வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை வரிசையில் நின்று, "என்ற பங்குத் தண்ணிய ஒரு கொடங்கூட லாரிக்கு விக்க மாட்டேன்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். டவுனிலிருந்து தண்ணீர் லாரிகள் மோப்பம் பிடித்து வர ஆரம்பித்துவிட்டன. பக்கத்து ஊர் கிணறுகளை அவர்கள் நக்கி முடித்தாயிற்று.

சத்தியத்துக்கு மைக் செட்டு நான்தான். "நாச்சிமுத்து சவுண்ட் சர்வீஸ், விசேஷங்களுக்கும் துக்க காரியங்களுக்கும்." அணைக்கும்போது என் கையில் கொப்புளம் வந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற சிகாமணிக்கு ஒன்றும் ஆகவில்லை. முழுப்பெயர் தெய்வசிகாமணி. பெயரிலேயே தெய்வத்தை வைத்திருப்பவனைக் கற்பூரம் என்ன செய்யும்.

"உன்ற கை மைக்குப் புடிச்சு மெத்துனு போயிருச்சு நாச்சி" என்றான். கோயில் காரியம் பார்க்கும் கொத்துக்காரர் அங்கமுத்து அண்ணன்கூடச் சிரித்துவிட்டார்.

ஏப்ரல் 17, புதன்

இன்று என் முறை. எங்களுடையது கூட்டுக் கிணறு. என் தாத்தாவும் சிகாமணியின் தாத்தாவும் அண்ணன் தம்பி. அவர்கள் காலத்தில் வைத்த முறை இன்னும் மாறவில்லை. திங்கள், செவ்வாய், புதன் எனக்கு. வியாழன், வெள்ளி, சனி அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை கிணறு ஊறட்டும் என்று விட்டுவிடுவது. முறை நாளில் வரும் தண்ணீர் முறைக்காரனுடையது. அன்று வாய்க்காலில் போகும் தவளைகூட அவனுடையதுதான் என்பார்கள்.

என் காடு சும்மா கிடக்கிறது. எருக்கு மட்டும் நன்றாக விளைகிறது. போன வருடமே சிகாமணியிடம் சொல்லிவிட்டேன்: "என்ற மொறையையும் நீயே பாய்ச்சிக்கடா. தென்னையாச்சும் பொளைக்கட்டும்." அவன் கண் கலங்கிவிட்டது. அதற்கு எழுத்துமில்லை, சாட்சியுமில்லை. பங்காளிக்குள் அதெல்லாம் எதற்கு.

இன்று வழியில் பார்த்தபோது, "மத்தியானத்துல வெளிய கிளிய வந்துராத நாச்சி, உன்ற ஒடம்புக்கு வெயிலு ஆகாது" என்றான். பெண்டாட்டிக்குக்கூட இந்த அக்கறை இல்லை. வசந்தாமணி, போகிற போக்கில் குடத்தையும் எடுத்துப் போங்கள் என்பாள்.

ஏப்ரல் 22, திங்கள்

எதிர்வீட்டுப் பாவாத்தாள் மகனுக்குப் பெண் வீட்டார் வந்து போனார்கள். வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார்கள். காற்றுதான் வந்தது. பெண்ணின் அத்தை மட்டும் மரியாதைக்கு ஒரு முறுக்கைக் கடித்தாளாம். பாவாத்தாள் இதை என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். நானும் இரண்டே பேரிடம்தான் சொன்னேன்.

கல்யாண ஆர்டர் அப்படிப் போனால் சாவு ஆர்டர் இப்படி வருகிறது. வெயிலுக்கு வயசானவர்கள் தாங்கவில்லை. போன வாரம் ஒரு சாவில் ஒலிபெருக்கி ஹாரனுக்குள் இருந்த பசை உருகி, ஒப்பாரி மூக்கடைத்தது போலக் கேட்டது. செத்தவர் வீட்டாரே திரும்பிப் பார்த்தார்கள். பழையதைக் கொடுத்துவிட்டு இரண்டு புது ஹாரன் எடுத்து வந்தேன்.

நண்பகலில் இப்போது தெருவில் ஈ காக்கை கிடையாது. டிவியில் வெளியே வராதே என்கிறார்கள், ஊரும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறது. முன்பெல்லாம் திருடன் ராத்திரிக்காகக் காத்திருப்பான். இனி மத்தியானத்தில் வந்தால் போதும், டார்ச் செலவு மிச்சம். இந்த சோக்கைச் சிகாமணியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. தூக்கக் கலக்கமாக இருக்கும்.

ஏப்ரல் 25, வியாழன்

பொதுக் குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது. ஊர் ஆழ்குழாய் எங்கள் கிணற்றுக்கு அடுத்த வரப்பில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஊற்று என்பார்கள். குழாயடியில் பாவாத்தாள் சொன்னது: பள்ளத்துத் தடத்தில் லாரி டயர் பதிந்திருக்கிறது. தடம் எங்கள் கிணற்று மேட்டுக்குப் போகிறது.

"எந்தக் கெளமையில பார்த்தீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"நேத்துப் பொளுதோட. அன்னைக்கு செவ்வாக்கெளமையும் ஈரமா இருந்துச்சு."

நான் போனதும் பேச்சு நின்றுவிட்டது. வெயில் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நானும் வெயில் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

சலூனில் எனக்கு முன்னால் இருந்தவர் என்னைக் கண்டதும் பாதித் தாடியோடு எழுந்து போனார். இதை ஒரு சோக்காக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை.

மே 2, வியாழன்

வசந்தாமணி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்தால் விசாரணை என்று பொருள்.

"ஏனுங், அந்தப் புது ஹாரன் எப்படி வந்துச்சு?"

"பழசைக் குடுத்துட்டு எடுத்தேன். நீதான பழசை டெம்போல ஏத்துன."

"ஊருக்குள்ள திங்கள், செவ்வா, புதன் லாரி வருதுங்கறாங்க. அது நம்ம மொறையாமா."

"மொறையத்தான் சிகாமணிக்கு உட்டுட்டனே."

"அது உங்களுக்கும் அவருக்கும் தெரியும். ஊருக்குத் தெரியுமுங்களா? அவரையே சொல்லச் சொல்லுங்க."

நியாயமான பேச்சு. சாப்பிட்ட கையோடு சிகாமணியைப் பார்க்கப் போனேன். அவன் என்னைவிடக் கொதித்தான். "எவன்டா உன்னயச் சொல்றவன்? கூட்டத்துல நான் பேசறேன் பாரு." என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினான். லாரி வருகிறதே, எப்படி என்று கேட்டேன். "எவனோ மோட்டார் ரூம் பூட்டைக் கள்ளச்சாவி போட்டுத் தெறக்கறான். நான் புடிச்சுருவேன்" என்றான். நிம்மதியாக வந்து தூங்கினேன். பங்காளி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மே 4, சனி

இன்று கத்திரி ஆரம்பமாம். அப்படியானால் பங்குனியில் அடித்தது என்ன.

மே 6, திங்கள்

கொத்துக்காரர் அங்கமுத்து அண்ணன் வீடு தேடி வந்தார். ஊர் கூடி முடிவு செய்துவிட்டார்களாம், கொடும்பாவி இழுப்பதென்று. கூட்டத்துக்கு எனக்குத் தகவல் இல்லை. மறந்திருப்பார்கள்.

மழை தவறினால் ஊரில் எவனோ செய்த பாவம்தான் காரணம் என்பது வழக்கம். அந்தப் பாவியை வைக்கோலில் கட்டி, சகடையில் போட்டு மூன்று நாள் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து அழுது, சுடுகாட்டில் கொண்டுபோய்க் கொள்ளி வைப்பார்கள். பாவி ஒழிந்தால் மழை. டிவியில் ஒரு பெண், கடல் சூடாகிவிட்டது, காற்றின் போக்கே மாறிவிட்டது என்று படம் போட்டுக் காட்டுகிறாள். இருக்கலாம். ஆனால் கடலைச் சகடையில் போட்டு இழுக்க முடியாது. காற்றுக்குக் கொள்ளி வைக்க முடியாது. ஊருக்கு ஒரு ஆள் வேண்டும்.

"செட்டு நீ ஊருக்காகச் சும்மா போட்டுக் குடுத்துரோணும்" என்றார் அண்ணன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"போட்டர்லாமுங்ணா. கொள்ளிச்சட்டி யாரு தூக்கறாங்க?"

"நம்ம சிகாமணி. அவனா வந்து ஏத்துக்கிட்டான்."

நல்ல மனசு. பாவிக்குப் பிள்ளையாக நின்று கொள்ளி வைக்க யாரும் முன்வர மாட்டார்கள், தலைமுறைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுவார்கள். கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேச்சு வந்ததா, சிகாமணி பேசினானா என்று கேட்டேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவன் ஒண்ணும் பேசலீப்பா" என்று போய்விட்டார். பேச்சு வந்திருக்காது. வந்திருந்தால் பேசியிருப்பான்.

மே 10, வெள்ளி

புது ஹாரன் இரண்டையும் எங்கள் தெரு வேப்பமரத்தில் கட்டினேன். கம்பியில்லாத மைக்கைப் பெண்கள் கையில் கொடுத்தேன். பறை அடித்தார்கள், சங்கு ஊதினார்கள். சத்தம் கண்ணாடி மாதிரி வந்தது. ஆம்ப்ளிஃபயரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் தொண்டை எப்படி என்று மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். பாவாத்தாளுக்கு முதல் மார்க்.

"தண்ணிய வித்துத் தின்னவனே, தாகத்துல வெந்து போவ
கும்பிட்ட கையி காயுமுன்ன, கொடங்கொடமா வித்தவனே"

எடுப்பான பாட்டு. நான்தான் ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

அப்புறம் சகடை எங்கள் தெருவுக்குள் திரும்பியது. இதுவரை பின்பக்கம்தான் பார்த்திருந்தேன். வைக்கோல் பொம்மை. வயிறு பெரிதாகக் கட்டியிருந்தார்கள். ஒரு கையில் குச்சி. குச்சியின் முனையில் கொட்டாங்குச்சி. கொட்டாங்குச்சி வாய்க்கு நேராக இருந்தது.

மைக்.

தெரு முழுக்க என்னையே பார்த்தது. நான் சிரித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "வகுறு இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சிருக்கலாமுங்" என்றுகூடச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பாவாத்தாள் மைக்கில் அழுதபடியே என்னைப் பார்த்துக்கொண்டு போனாள். சகடைக்கு முன்னால் சிகாமணி, வெற்றுடம்போடு, சட்டியில் புகையோடு. தலை நிமிரவில்லை.

வசந்தாமணி வாசல் கதவைச் சாத்தினாள்.

மே 11, சனி

காப்பியில் சர்க்கரை இல்லை. கேட்கவில்லை.

மே 12, ஞாயிறு

சுடுகாட்டுக்கும் செட்டு கொண்டு போனேன். போகாமல் இருந்தால் ஒத்துக்கொண்டது போல் ஆகிவிடும் என்று ஒரு யோசனை. போனதும் ஒத்துக்கொண்டது போலத்தான் ஆனது.

சிகாமணி மொட்டையடித்திருந்தான். பானையில் தண்ணீர் வைத்து மூன்று சுற்று வந்து உடைத்து, திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தான். வைக்கோல், ஒரு நிமிடத்தில் பற்றிவிட்டது. கொட்டாங்குச்சி மட்டும் வெகுநேரம் எரிந்தது.

தன் சாவைத் தானே ஒலிபரப்பிய ஆள் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

மே 13, திங்கள்

என் முறை. மத்தியானம் எல்லாரும் கதவைச் சாத்திய பிறகு தலையில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனேன். கள்ளச்சாவிக்காரனைப் பிடித்துச் சிகாமணிக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் போனேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

லாரி நின்றது. மோட்டார் ஓடியது. ஹோஸைப் பிடித்துக்கொண்டு லாரி மேல் நின்ற மொட்டைத்தலை வெயிலில் பளபளத்தது.

"வெயில்ல வராதேன்னு சொன்னனே" என்றான் சிகாமணி. பதற்றம் ஒன்றுமில்லை.

"சத்தியம் பண்ணியேடா."

"பண்ணினேன். என்ற பங்குத் தண்ணிய விக்க மாட்டேன்னு பண்ணினேன். வியாளன், வெள்ளி, சனி ஒரு சொட்டு வெளிய போகல. வேணும்னா அம்மங்கிட்டயே கேட்டுப் பாரு."

"இன்னைக்குத் திங்கக்கெளமை."

"ஆமா. உன்ற மொறை. நீதான எடுத்துக்கச் சொன்ன."

"பாய்ச்சிக்கச் சொன்னேன்."

"பாய்ச்ச என்ன மிச்சமிருக்குது? அந்தத் தென்னையப் பாரு, கொண்டையில்லாம நிக்குது. முருங்கை பூவெடுத்து எத்தனை நாளாச்சு? ஐப்பசி மளையும் பொய், கோடை மளையும் பொய். என்ற காட்டுக்குத் தேடி வந்தவன் இந்த லாரிக்காரன் ஒருத்தன்தான்."

லாரி டிரைவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடி குடித்தான். நல்ல வளர்ப்பு.

"என்னயக் கட்டி இளுத்தாங்க. நீ கொள்ளி வெச்ச."

அவன் ஹோஸை மாற்றிப் பிடித்தான். "உனக்கென்னப்பா. நீ சிரிச்சுட்டுப் போற ஆளு. உன்னயச் சொன்னா ஊரு கொஞ்ச நாளைக்குப் பேசும், அப்புறம் நீயே ஒரு சோக்கு சொல்லி முடிச்சு வெச்சிருவ. என்னயச் சொன்னா நான் கயித்தத் தேடோணும் நாச்சி. யோசிச்சுத்தான் பண்ணினேன்."

யோசித்துத்தான் செய்திருக்கிறான். அதுதான் மனசில் ஏறவில்லை. கோபத்தில், குடியில், அவசரத்தில் செய்திருந்தால் ஒரு மாதிரி. நிழலில் உட்கார்ந்து, யார் தாங்குவார்கள் என்று ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்து, என் பெயரில் வந்து நிறுத்தியிருக்கிறான். ஒருவகையில் பாராட்டுத்தான்.

மே 14, செவ்வாய்

அங்கமுத்து அண்ணனைப் பார்த்தேன். வியாழக்கிழமை கூட்டம் போடச் சொன்னேன். நான் பார்த்துவிட்டதால் லாரி இனி வராது, தடம் இருக்கிறது, அது போதும். எல்லாரையும் மத்தியானத்தில் கிணற்று மேட்டுக்கு வரச் சொல்லி டயர் தடத்தைக் காட்டுவேன். லாரியில் ஒழுகிய தண்ணீரில் அருகம்புல் முளைத்திருக்கிறது. அந்தப் பச்சைக் கோடு மோட்டார் ரூமிலிருந்து சிகாமணி தோட்டத்து வண்டித்தடம் வழியாகத்தான் போகிறது, என் காட்டுப் பக்கமே வரவில்லை. அவன் வேலிப் படலைத் திறக்காமல் எந்த லாரியும் உள்ளே வர முடியாது. தடத்தைப் பார்த்தால் குருடனுக்கும் புரியும்.

"வியாளக்கெளமை வெச்சுக்கலாம்" என்றார் அண்ணன். வசந்தாமணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் சொல்லி அவள் நம்பட்டும். என் வாயால் சொன்னால் எதுவும் நம்பும்படியாக இருப்பதில்லை.

மே 15, புதன்

பொழுது சாய மேற்கே கறுத்தது. காற்று, பிறகு இடி, பிறகு மழை. மழை என்றால், வருடக்கணக்காக வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டுகிற மழை. கூரைத் தகரம் இரண்டு பறந்தது. பள்ளத்தில் தண்ணீர் சிவப்பாகத் திரண்டு ஓடியது. மழைகூட இப்போதெல்லாம் அளவாகப் பெய்வதில்லை, வந்தால் அடிக்கிறது.

ஊரே தெருவுக்கு வந்து நனைந்தது. நானும் நனைந்தேன், சந்தோஷமாகத்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

பாவியை எரித்தார்கள். மழை வந்துவிட்டது. அப்படியானால் எரித்தது சரியான ஆளைத்தான்.

மே 16, வியாழன்

கிணற்று மேட்டில் டயர் தடம் இல்லை. பச்சைக் கோடும் இல்லை. வண்டல் ஏறி, வழித்த சட்டி மாதிரி இருக்கிறது.

கூட்டமும் இல்லை. "இனி எதுக்குப்பா கூட்டம்" என்றார் அங்கமுத்து அண்ணன். அவர் முகத்தில் இத்தனை கனிவை நான் பார்த்ததில்லை. "நடந்தது நடந்துருச்சு. மனுசன்னா ஒரு தப்புப் பண்ணாம இருப்பானா? மாரியாத்தாளே மனசெறங்கிட்டா. ஊரு எறங்காதா?"

"அண்ணா, நான் விக்கலீங்."

"சரி சரி" என்று முதுகில் தட்டினார்.

சலூனில் முதல் ஆளாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பாவாத்தாள் தன் மகனுக்குப் பெண் வீட்டார் திரும்பவும் வரப்போவதாகச் சொல்லி ஒரு கை முறுக்குக் கொடுத்தாள். எல்லாரும் என்னை மன்னித்துவிட்டார்கள். திட்டியபோது பதில் சொல்ல ஒரு இடம் இருந்தது. மன்னித்தவர்களிடம் என்ன பேசுவது.

மே 19, ஞாயிறு

காலையில் மாரியம்மனுக்கு மழைப் பொங்கல். செட்டு நான்தான். ஹாரனை வேறு பக்கம் திருப்பிக் கட்டினேன், ஊர்க்கோடி வரை கேட்கும்படி.

பூஜை முடிந்ததும் அங்கமுத்து அண்ணன் மைக்கைப் பிடித்தார். "நம்ம நாச்சிமுத்து மேல ஊருக்கு ஒரு வருத்தம் இருந்துச்சு. இன்னையோட அது இல்ல. யாரும் இனி அதைப் பேசப்படாது." கைதட்டினார்கள். சிகாமணியும் தட்டினான். முடி லேசாக அரும்பியிருந்தது. "நீ ரெண்டு வார்த்தை பேசுப்பா" என்று மைக்கை என்னிடம் நீட்டினார்.

சோக்குக்காக எல்லா முகமும் நிமிர்ந்தது. சிலர் இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"தண்ணி வித்தது நானில்ல" என்றேன். "சிகாமணி. என்ற மொறையில, மத்தியானத்துல, அவன் தோட்டத்து வளியா. அது உன்ற பங்கு, சத்தியத்துல சேராதுன்னு எங்கிட்டயே சொன்னான். அப்புறம் மொட்டையும் அடிச்சுட்டு எனக்குக் கொள்ளியும் வெச்சான்."

 முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அது பரவியது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். "மொட்டையும் அடிச்சுட்டு" என்று ஒருவன் திரும்பச் சொல்லிக் காட்டினான்.

"நான் நெசமாத்தான் சொல்றேன்" என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அங்கமுத்து அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவனில்லாட்டி இந்த ஊரு என்னத்துக்காகும்" என்றார்.

சிகாமணி எழுந்து வந்து என் தோளில் கைபோட்டான். மைக்கின் பக்கம் குனிந்து, "என்னய ஓட்டாட்டி இவனுக்குச் சோறு எறங்காதுங்" என்றான். அவன் உள்ளங்கை என் கழுத்தில் வியர்த்திருந்தது. குரலில் அது தெரியவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து வசந்தாமணி எழுந்து வந்தாள். அவள் சிரிக்கவில்லை. சிகாமணியின் மொட்டையைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். அந்தக் கை என் தோளிலிருந்து இறங்கியது.

"வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

"செட்டக் களட்டோணுமே" என்றேன்.

"கெடக்கட்டும்."

முன்னால் அவள் நடந்தாள், பின்னால் நான். மைக்கை அணைக்காமல் வந்துவிட்டேன். கோயிலைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, எங்கள் வாசல் வரைக்கும் ஊர் சிரிப்பது கேட்டது. புது ஹாரன் நல்ல ஹாரன்தான். ஒரு சிரிப்பைக்கூட வழியில் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தது.